உழைக்கும் உடம்பு – 12: தோள் ஜவ்வு கிழிந்தால் எந்தத் தையல் நிற்கும்?

சென்ற வாரம் முழங்காலைப் பார்த்தோம். இந்த வாரம் தோள்.

தோளின் அருமையைப் பேசத் திருவண்ணாமலையைவிடப் பொருத்தமான ஊர் இல்லை. கார்த்திகை தீபத்துக்காக 2,668 அடி உயர மலை உச்சிக்கு ஆள் உயரக் கொப்பரையும் நெய்யும் திரித் துணியும் ஏறுவது மனிதத் தோளில்தான். கீழே மாடவீதியில் சாமி வாகனங்களைத் தாங்குவதும் அதே தோள்தான். திருவிழா சில நாளோடு முடிந்துவிடும். அரிசி மண்டியிலும் ஆரணிப் பக்கத்து ஆலைகளிலும் மூட்டை சுமப்பவருக்கோ ஆண்டு முழுக்கத் தோளில்தான் பிழைப்பு.

ஐம்பதைத் தாண்டிய அப்படியொருவர் சட்டை மாட்டக் கையைத் தூக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரவெல்லாம் வலி. தைலம், புத்தூர் கட்டு, மெடிக்கலில் வாங்கிய வலி மாத்திரை என்று மாதங்கள் ஓடுகின்றன. கடைசியில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், "ஜவ்வு கிழிஞ்சிருக்கு" என்கிறார் டாக்டர்.

தோள்பட்டை எலும்பிலிருந்து வரும் நான்கு தசைகளின் நாண்கள், மேற்கை எலும்பின் தலையைச் சுற்றிப் பிடித்திருக்கின்றன. 'ரொட்டேட்டர் கஃப்' என்பதும், டாக்டர் ஜவ்வு என்று சொன்னதும் இதைத்தான். பெரும்பாலும் முதலில் கிழிவது மேலே ஓடும் சுப்ராஸ்பைனேட்டஸ் நாண். சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம் வரும் தோள் இறுக்கம் வேறு. அதில் அடுத்தவர் தூக்கிவிட்டாலும் கை ஏறாது. ஜவ்வுக் கிழிசலில் பொதுவாக, தானாகத் தூக்க முடியாத கை பிறர் தூக்கினால் ஏறும்.

கிழிந்ததைத் தைக்கும் வேலையை 1909-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் எர்னஸ்ட் காட்மன் செய்தார். 1911-ல் அதைப் பற்றி எழுதினார். அதன்பின் பல பத்தாண்டுகளுக்குத் திறந்த அறுவைதான். தோளின் மேலே சில அங்குலம் கீறி, டெல்டாய்டு தசையை விலக்கி, எலும்பில் துளையிட்டு, நூலைக் கோத்து நாணை இழுத்துக் கட்டுவார்கள். பிறகு கீறல் சுருங்கி 'மினி ஓப்பன்' வந்தது. 1990-களில் முழுக்கவே துளைவழி செய்யும் ஆர்த்ரோஸ்கோப்பி பரவியது.

இதில் மூன்று நான்கு சிறு துளைகள் போதும். ஒன்றில் கேமரா. உப்புநீரைப் பாய்ச்சி மூட்டை விரித்து, திரையைப் பார்த்தபடியே வேலை நடக்கிறது. நாண் ஒட்டியிருந்த இடத்தில் எலும்பைச் சுரண்டி லேசாக ரத்தம் கசியவிடுகிறார் சர்ஜன். அங்கே ஆங்கர் எனப்படும், நூல் கோத்த 5 மில்லிமீட்டர் அளவுள்ள சிறு திருகை எலும்புக்குள் இறக்குகிறார். அதன் தலையில் தொங்கும் நூலை நாணுக்குள் நுழைத்து, நுனியைத் துளைவழியே வெளியே இழுக்கிறார். முடிச்சை வெளியே போட்டு, ஒரு மெல்லிய குச்சியால் உள்ளே தள்ளி இறுக்குகிறார்.

ஆங்கர்களை ஒரே வரிசையில் வைத்தால் ஒற்றை வரிசை முறை. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு வரிசை வைத்து, நூல்களைக் குறுக்கே ஓட்டி நாணை எலும்போடு அழுத்தினால் இரட்டை வரிசை. ஆய்வுக்கூடத்தில் இழுத்துப் பார்த்தால் இரட்டைக்கே பலம் அதிகம். நோயாளியிடம் கதை வேறு. வலியிலும் கையின் வேலைத்திறனிலும் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் 3 சென்டிமீட்டரைத் தாண்டிய பெரிய கிழிசல்களில் இரட்டை வரிசை மீண்டும் கிழிவது குறைவு. ஆங்கர் கூடுவதால் செலவும் கூடும். நைந்த வேட்டியில் எத்தனை தையல் போட்டாலும் தையலை ஒட்டித்தான் கிழியும். இரட்டை வரிசை விட்டுப்போகும்போதும் பல நேரம் உள்வரிசையை ஒட்டியே கிழிகிறது. மறுபடி தைக்க அங்கே நாண் மிச்சமிருப்பதில்லை.

திறந்த அறுவையா, துளைவழியா என்ற வழக்கைப் பிரிட்டனில் 273 நோயாளிகளை வைத்து விசாரித்தார்கள். இரண்டு ஆண்டு கழித்து இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத் தேறியிருந்தன. இரண்டிலும் சேர்த்துச் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஜவ்வு ஆறவில்லை அல்லது மீண்டும் கிழிந்திருந்தது. அவர்களிலும் பெரும்பாலோருக்கு முன்பைவிட வலி குறைந்திருந்தது என்பதுதான் வேடிக்கை. ஆக, ஆறுவதைத் தீர்மானிப்பது கீறலின் நீளமல்ல. வயது, கிழிசலின் அளவு, சர்க்கரை, புகை, தசை எவ்வளவு கொழுப்பாக மாறிவிட்டது என்பவைதான்.

தைக்கவே முடியாத அளவுக்குக் கிழிந்தவர்களுக்கும் வழி உண்டு. முதுகுத் தசையின் நாணை எடுத்துத் தோளில் பொருத்துவதை 1980-களின் இறுதியில் சுவிட்சர்லாந்தின் கெர்பர் எழுதினார். பந்தையும் கிண்ணத்தையும் இடம் மாற்றி வைக்கும் செயற்கைத் தோளை 1985-ல் பிரான்ஸின் கிராமோன் கொண்டுவந்தார்.

நாணை இடம் மாற்றும் வித்தை நம் பகுதிக்குப் புதிதல்ல. திருவண்ணாமலையும் வேலூரும் ஒரே வட ஆற்காடு மாவட்டமாக இருந்த காலத்தில், வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் பால் பிராண்ட் தொழுநோயால் மடங்கிய விரல்களை நாண் மாற்று அறுவையால் நிமிர்த்தினார். தசைக்குப் புது வேலையைப் பழக்கும் பிசியோதெரபியையும் பிழைக்க ஒரு தொழிலையும் சேர்த்தே கொடுத்தார்.

தோளுக்கும் அதே பாடம்தான். தைத்தபின் நான்கு முதல் ஆறு வாரம் கையைத் தொட்டிலில் (ஸ்லிங்) வைக்க வேண்டும். மூன்று மாதம்வரை பளு கூடாது. மூட்டை தூக்க ஆறு மாதமாவது ஆகும். மீண்டும் கிழிவதில் பெரும்பகுதி இந்த மாதங்களுக்குள்தான் நடக்கிறது. இரண்டாம் மாதமே வலி போய்விடும். வீட்டில் அரிசி தீர்ந்திருக்கும். மனுஷன் மண்டிக்குக் கிளம்பிவிடுவார்.

வயதால் தேய்ந்த சிறு கிழிசலுக்கு முதலில் மூன்று மாதம் முறையான பயிற்சி செய்து பாருங்கள். பின்லாந்து ஆய்வில், 55 வயதைத் தாண்டியவர்களுக்குப் பயிற்சியும் அறுவையும் இரண்டு ஆண்டுவரை ஒரே பலனைத் தந்தன. விழுந்து அடிபட்டு அன்றே கை தூக்க முடியாமல் போனால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நாள் கடந்தால் நாண் உள்ளே சுருங்கிவிடும்.

அறுவைதான் என்று முடிவானால் டாக்டரிடம் கேட்க வேண்டியவை: கிழிசல் எவ்வளவு? தசை நன்றாக இருக்கிறதா? ஆங்கர் செலவு முதல்வர் காப்பீட்டில் சேருமா? பயிற்சி எங்கே, எத்தனை வாரம்?

மண்டிக்காரர்களுக்கும் சங்கத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். தோள் தைத்துக்கொண்டு வருபவருக்கு ஆறு மாதம் எடை போடும் வேலையோ கணக்கெழுதும் வேலையோ கொடுங்கள். எந்தத் தையலும் அப்போதுதான் நிற்கும்.

(தொடரும்)