விரிதாள் மேக்ரோவை நீட்சியாகத் தொகுத்தல்

விரிதாள் மேக்ரோவை நீட்சியாகத் தொகுத்தல் என்பது, எக்செல் கோப்புக்குள் எழுதப்பட்ட நிரலை அக்கோப்பிலிருந்து பிரித்து, எல்லாக் கோப்புகளுக்கும் பயன்படும் தனி மென்பொருளாக மாற்றும் பணியாகும். இத்தகைய துணை மென்பொருள் நீட்சி அல்லது ஆட்-இன் எனப்படும்.

தேவை

தேனி மாவட்டத்திலுள்ள போடிநாயக்கனூர் ஏலக்காய் வணிகத்துக்குப் பெயர்பெற்றது. நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இங்கு உள்ளது. இடுக்கி மலைத் தோட்டங்களில் விளையும் ஏலக்காய் இங்கு விற்பனைக்கு வருகிறது.

இவ்வூர் வணிகர் ஒருவர், எடை, விலை, தரகு ஆகியவற்றைக் கொண்டு விவசாயிக்குச் சேரவேண்டிய தொகையைக் கணக்கிட ஒரு மேக்ரோ வைத்திருப்பதாகக் கொள்வோம். கோப்பைப் பத்துப் பேர் நகலெடுத்தால் மேக்ரோவும் பத்தாகிவிடும். தரகு விகிதம் மாறும்போது ஒரு நகலைத் திருத்த மறந்தால், ஒரே நாளில் இரண்டு விவசாயிகளுக்கு இரண்டு வகைக் கணக்கு வரும். நிரல் நீட்சியில் இருந்தால், அதன் புதிய பதிப்பை மட்டும் வழங்கினால் போதும். கணக்குக் கோப்புகளைத் தொடவேண்டியதில்லை.

விபிஏவும் தொகுப்பும்

எக்செல் மேக்ரோ மொழியான விபிஏ, 1993-இல் எக்செல் 5.0 உடன் வந்தது. இந்நிரல் நேரடியாக இயந்திர மொழியாக மாறுவதில்லை. பி-கோடு என்னும் இடைநிலை வடிவில் இயங்குகிறது. மேக்ரோ கோப்பை எக்ஸ்எல்ஏஎம் வடிவில் சேமித்தால் நீட்சி கிடைக்கும். ஆனால் அது தொகுக்கப்பட்டதன்று. உள்ளே இருப்பது அதே விபிஏ நிரல்தான். அதன் கடவுச்சொல் பாதுகாப்பும் வலுவற்றது.

வழிமுறைகள்

* எக்ஸ்எல்எல்: சி அல்லது சி++ மொழியில் எழுதப்படுவது, புதிய வாய்பாடுகளுக்கு மிக விரைவானது.
* காம் நீட்சி: பட்டிகள், பொத்தான்கள் போன்ற இடைமுக வேலைகளுக்கு ஏற்றது. டாட்நெட் மொழிகளில் இதை உருவாக்க மைக்ரோசாஃப்ட் தரும் கருவி விஎஸ்டிஓ.
* எக்செல்-டிஎன்ஏ: டாட்நெட் நிரலை எக்ஸ்எல்எல் கோப்பாகக் கட்டித்தரும் திறமூலக் கருவி. விபிஏ அறிந்தவர் விபி.நெட் மொழி வழியாக இதற்கு மாறுவது எளிது.

மொழிமாற்றத்தில் கவனிக்க வேண்டியவை

விபிஏவின் இன்டிஜர் 16 பிட் கொண்டது; 32,767-க்கு மேல் ஏற்காது. விபி.நெட்டில் அதே பெயர் 32 பிட் எண்ணைக் குறிக்கும். பணத்துக்கான கரன்சி வகை விபி.நெட்டில் இல்லை, டெசிமல் வகையைப் பயன்படுத்த வேண்டும்.

முழுமையாக்கல் இன்னும் நுட்பமானது. 2,346.50 ரூபாயை முழு ரூபாயாக்கினால் எக்செல் தாளின் ரவுண்ட் வாய்பாடு 2,347 தரும். விபிஏவின் ரவுண்ட் 2,346 தரும். சரிபாதி வரும்போது இரட்டைப்படை எண்ணை நோக்கிச் செல்வது அதன் விதி. டாட்நெட்டின் இயல்பான விதியும் அதுவே. எனவே தாளில் இருந்த வாய்பாட்டை நீட்சிக்குள் கொண்டுவரும்போது, பிழைச்செய்தி எதுவும் இல்லாமலே ஒரு ரூபாய் குறையக்கூடும்.

வரம்புகள்

எக்ஸ்எல்எல் கோப்பு, கணினியிலுள்ள எக்செல்லுக்கு ஏற்ப 32 பிட் அல்லது 64 பிட்டாக இருக்க வேண்டும். மேற்கண்ட மூன்று வழிகளும் விண்டோசுக்கு உரியவை. மேக் கணினியிலும் இணைய எக்செல்லிலும் இயங்கா. டாட்நெட் நீட்சியின் நிரலைப் பிரித்துப் படிக்கக் கருவிகள் உள்ளதால், தொகுத்தல் முழு இரகசியம் தருவதில்லை.

சரிபார்த்தல்

பழைய மேக்ரோவை உடனே நீக்காமல், முடிந்த மாதங்களின் பட்டியல்களைப் பழைய நிரலிலும் புதிய நீட்சியிலும் ஓட்டி, வரிக்கு வரி ஒப்பிடுவது நல்ல நடைமுறை. ஒரு ரூபாய் வேறுபாடு வந்தாலும் காரணம் கண்டறிந்த பிறகே நீட்சியைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவர வேண்டும்.