குளம்பொலித் திருவிழா

உழுதுண்டு வாழ்வோர்க்கு அறுவடையை ஒட்டித் திருநாள் வருகிறது. மந்தை மேய்த்து வாழ்வோர்க்குப் புல் செழிக்கும் பருவத்தில் வருகிறது. திபெத்திய மக்களின் குதிரைப் பந்தய விழா இரண்டாம் வகையைச் சார்ந்தது. நாக்சூ, யூசூ, லித்தாங் ஆகிய ஊர்களில் கோடைக்காலத்தில் நடைபெறும் விழாக்கள் பெயர் பெற்றவை. இவற்றுள் லித்தாங், திபெத்தியரின் கிழக்கு நிலமாகிய காம் பகுதியைச் சேர்ந்தது. இன்று சீன நாட்டின் சிச்சுவான் மாநிலத்துள் அமைந்துள்ளது. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில் விளங்கும் ஊர் அது. கடற்கரையில் கிடைக்கும் உயிர்வளியில் ஏறத்தாழ 60 விழுக்காடே அங்குக் கிடைக்கும். நடந்தாலே மூச்சு வாங்கும் அந்நிலத்தில்தான் குதிரைகள் பாய்ந்தோடுகின்றன.

கூடாரங்களின் ஊர்

ஆண்டின் பெரும்பகுதியை யாக் எனும் மலையெருதுகளோடு தனித்தனிப் பள்ளத்தாக்குகளில் கழிக்கும் குடும்பங்கள், விழா நாள்களில் ஒரே புல்வெளியில் ஒன்றுகூடுகின்றன. நீல நிறத் துணிவேலை செய்த வெண்கூடாரங்கள் எழுகின்றன. வணிகம் நடைபெறுகிறது, உறவு புதுப்பிக்கப்படுகிறது, மண உறவுகளுக்கும் அடிகோலப்படுகிறது. சிதறி வாழும் மக்கள் தாம் ஓரினம் என்பதைக் கண்ணாரக் காணும் நாள்கள் இவை.

பந்தயமும் பயிற்சியும்

நறுமணமுள்ள ஊசியிலைக் கிளைகளை எரித்துப் புகையெழுப்பி, வேண்டுதலுடன் விழாவைத் தொடங்குவர். வாலிலும் பிடரியிலும் வண்ண நாடாக்கள் பின்னப்பட்ட குதிரைகள் களம் புகும். நெடுந்தொலைவு ஓட்டத்தில், சுமை குறைவாக இருத்தற்பொருட்டுச் சிறுவர்களே பெரும்பாலும் குதிரை செலுத்துவர். பாய்ந்து செல்லும் குதிரைமீதிருந்து இலக்கை நோக்கிச் சுடுவதும் உண்டு.

இவற்றினும் வியத்தகு போட்டி ஒன்றுள்ளது. தரையில் வெண்பட்டுத் துண்டுகள் பரப்பப்பட்டிருக்கும். முழு வேகத்தில் வரும் வீரன் காலால் தன்னைச் சேணத்தில் பிணைத்துக்கொண்டு, உடல் முழுவதையும் பக்கவாட்டில் சாய்த்து, தலை தரையை உரசுமளவு தொங்கி அத்துண்டுகளை எடுக்க வேண்டும். குதிரை சற்றே விலகினும் உயிருக்கு ஊறு நேரும். ஆகவே இது வீரனின் திறம் மட்டுமன்று. குதிரைக்கும் அவனுக்கும் இடையே நிலவும் நம்பிக்கையின் அளவுகோலும் ஆகும்.

காப்பியச் சான்று

திபெத்தியரின் பெருங்காப்பியம் கேசர் மன்னனின் வரலாறு. 2009ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. தாயுடன் நாடு கடத்தப்பட்டு வறுமையில் வளர்ந்த சிறுவன், குதிரைப் பந்தயத்தில் வென்றே லிங் நாட்டு அரியணை ஏறுகிறான். செல்வமும் செல்வாக்கும் அன்று, திறமையே தலைமைக்குத் தகுதி என்பது அக்கதை உணர்த்தும் கருத்தாகும்.

இன்றைய நிலை

இன்று மேய்ச்சல் நிலத்தில் மோட்டார் சைக்கிள்கள் பெருகிவிட்டன. குடும்பங்கள் பல மந்தைகளை விட்டு நிலையான குடியிருப்புகளில் வாழ்கின்றன. உழைப்பிற்கு வேண்டப்பட்ட குதிரை விழாவிற்கு மட்டும் உரியதாகி வருகிறது. மேடையையும் கூடாரங்களையும் பொருள் கொண்டு அமைத்துவிடலாம், காண்போரையும் திரட்டிவிடலாம். ஆனால், குதிரையோடு வளராத கை அந்த வெண்பட்டுத் துண்டை எடுக்க இயலாது. ஒரு கலையைக் காப்பதென்பது, அதனை ஈன்றெடுத்த வாழ்க்கையையும் காப்பதேயாகும்.