கூப்பிட்டுப் பார்க்காமலே மார்க்!

திருச்சி என்ஐடியில் 2022 மே மாதம் ‘பரம் பொருள்’ மீத்திறன் கணினியைத் தொடங்கிவைத்தார்கள். 838 டெராஃப்ளாப் வேகம்! எல்லாரும் அந்த எண்ணைத்தான் வாய்பிளந்து பார்த்தோம். வாங்க, கொல்லைப்புறமாக உள்ளே போவோம். ஒரே கணக்கைப் பல கணினிகள் பங்குபோட்டுச் செய்வதென்றால், எந்த வழியாகப் பேசிக்கொள்வது என்று முதலில் முடிவாக வேண்டுமே? கூத்தே அங்கேதான்.

இப்படிப்பட்ட வேலைக்கென்றே இருக்கும் இலவச மென்பொருள் ஓபன் எம்பிஐ. அதற்குள் ‘ரீச்சபிள்’ என்றொரு குட்டிப் பகுதி. சாதாரண டிசிபி இணைப்பில் ஓடும்போது ஒவ்வொரு கணினியும் தன் நெட்வொர்க் முகவரிகளை மற்றவர்களுக்குத் தெரிவித்துவிடும். இங்குள்ள எது அங்குள்ள எதோடு சேரும்? ஜோடி ஜோடியாக மார்க் விழும். இரண்டும் பொது முகவரி, ஒரே நெட்வொர்க் என்றால் முதலிடம். இரண்டும் தனிப்பட்ட முகவரி (உள்வட்டத்துக்குள் மட்டும் செல்லுபடியாவது), வேறு வேறு நெட்வொர்க் என்றால் கடைசி வரிசை. ஒன்று பொது, மற்றது தனிப்பட்டது என்றால் சுழியம்! அந்த மார்க்கை இரண்டில் மெதுவான பக்கத்தின் வேகத்தால் பெருக்குவார்கள். இரண்டு பக்கமும் சம வேகம் என்றால் கொசுறாக ஒரு துளி கூடுதல். இந்தக் கொசுறை யோசித்தவருக்கு ஒரு பொட்டலம் கோவில்பட்டி கடலைமிட்டாய் அனுப்பலாம்.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? மார்க் போடும்போது யாரும் யாரையும் கூப்பிட்டே பார்ப்பதில்லை. எல்லாம் முகவரியைப் பார்த்துச் செய்யும் அனுமானம்!

அங்கேதான், மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டிக்குள் ஓட்டும் ‘டாக்கர்’ என்ற கருவி காலை வாரும். டாக்கர் போட்ட லினக்ஸ் கணினியில் வழக்கமாக 172.17.0.1 என்றொரு முகவரி முளைக்கும். பக்கத்துக் கணினியிலும் அதே எண். கழுகுமலையிலும் ரத வீதி, சங்கரன்கோவிலிலும் ரத வீதி. ஊர்ப்பெயர் இல்லாமல் கடிதம் போட்டால் போய்ச் சேருமா? மென்பொருளோ ‘ஒரே நெட்வொர்க்’ என்று மார்க்கை அள்ளிக் கொடுக்கும். சில நேரம் கணக்கு அப்படியே தொங்கி நிற்கும்.

அதே ‘ரீச்சபிள்’ பகுதிக்குள் இருக்கும் ‘நெட்லிங்க்’ என்ற இன்னொரு வழி கொஞ்சம் விவரமானது. லினக்ஸ் கெர்னலின் வழித்தடப் பட்டியலையே கேட்கும்: நேரே போகலாமா, நுழைவாயில் தாண்டிப் போகணுமா, வழியே இல்லையா? என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் இதுவும் இந்தப் பக்கத்துப் பட்டியலை மட்டுமே பார்க்கும். எதிர்ப்பக்கத்து ஃபயர்வால் இதற்குத் தெரியாது.

இரண்டு பழைய லேப்டாப், லினக்ஸ், ஓபன் எம்பிஐ, டாக்கர், ஒரு கேபிள் போதும்; வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். ‘இந்த நெட்வொர்க் இடைமுகம் வேண்டாம்’ என்று கட்டளையிலேயே டாக்கரை விலக்கிவிடவும் வசதி உண்டு. ஆனால் முதல் தடவை விலக்காமல் ஓட்டிப் பாருங்கள்!