சென்னைப் பயணத்தில் ஒரு நாள் மிச்சமா? பாண்டிச்சேரிக்குப் போய்வர முடியுமா, எப்படித் திட்டமிடுவது?

தி.நகரில் கல்யாணப் புடவை எடுத்தாச்சு. தையல்காரர் ரவிக்கையை நாளை மறுநாள்தான் தருவார். விமானம் அதற்கும் அடுத்த நாள். நடுவில் ஒரு நாள் சும்மா கிடக்கிறது. அப்போதுதான் குடும்பத்தில் யாராவது ஒருவர் கேட்பார்: "பாண்டி பக்கம்தானே, போயிட்டு வந்துடலாமா?"

கோலாலம்பூரிலிருந்தும் கிள்ளானிலிருந்தும் சென்னைக்குப் போகிற பல குடும்பங்களுக்கு இந்தக் கேள்வி வருவதுண்டு. மஞ்சள் சுவரும் காகிதப்பூக் கொடியும் பிரெஞ்சுத் தெருப் பலகையுமாக இன்ஸ்டாகிராமில் பார்த்த ஊர். பாரிஸுக்கு டிக்கெட் எடுக்க வசதி இல்லை, இங்கேயாவது ஒரு படம் எடுத்துக்கலாமே என்று தோன்றுவதில் தப்பில்லை.

பதில்: முடியும். ஆனால் இந்தக் கணக்கைச் சென்னையிலிருந்துதான் போட வேண்டும். கேஎல்ஐஏ-விலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய நான்கு மணி நேரம் பறக்க வேண்டும். அங்கிருந்து மேலும் மூன்று, மூன்றரை மணி நேரம் சாலையில். வார இறுதியில் நேராகப் பாண்டிக்குப் போய்விட்டு உடனே திரும்பலாம் என்று யாராவது சொன்னால், அவர்களுக்குத் தூக்கம் தேவையில்லை என்று அர்த்தம்.

முதலில் நேரக் கணக்கு

சென்னையிலிருந்து புதுச்சேரிக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். அங்கே எல்லாரும் ஈசிஆர் என்றுதான் சொல்வார்கள். மாமல்லபுரத்தைத் தாண்டி, மரக்காணம் உப்பளங்களைத் தாண்டிப் போகும் நல்ல சாலை அது. ஆனால் நம்ம பிளஸ் நெடுஞ்சாலை மாதிரி நினைத்துக்கொண்டு ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம் என்று கணக்குப் போடாதீர்கள். ஊருக்குள் புகுந்து போகும் இடங்கள் உண்டு. குறுக்கே மாடு வரும், மோட்டார் சைக்கிள் வரும். போக வர ஏழு மணி நேரம் என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

காலை 5.30-க்குக் கிளம்பினால் 9 மணிவாக்கில் ஊருக்குள் இருப்பீர்கள். மாலை 6.30-க்குக் கிளம்பினால் இரவு 10 மணிக்குச் சென்னை. கையில் இருப்பது ஒன்பதரை மணி நேரம். அதில் நண்பகல் வெயிலுக்கு இரண்டு மணி நேரம் கழியும். நமக்கும் வெயில் புதுசு இல்லைதான், ஆனால் ஏப்ரல், மே மாத வெயில் அங்கே வேறு ரகம்.

ஏன் 6.30 வரை நிற்க வேண்டும்? கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகள் விடமாட்டார்கள். சாலை முழுதும் நடப்பவர்களுக்கு. பாட்டிகள், குழந்தைகள், கடலை விற்பவர், பலூன்காரர் எல்லாரும் அப்போதுதான் வருவார்கள். ஊரின் நல்ல முகம் அந்த நேரத்தில்தான் தெரியும். மதியம் மூன்று மணிக்குக் கடலைப் பார்த்துவிட்டுக் காரில் ஏறுபவர்கள் அதைத் தவறவிட்டுத்தான் திரும்புகிறார்கள்.

காரா, பேருந்தா, ரயிலா?

நான்கு பேருக்கு மேல் போனால் வாடகைக் கார்தான் வசதி. விலை பேசும்போது டோல், டிரைவர் பேட்டா, பெர்மிட் எல்லாம் சேர்த்தா என்று முதலிலேயே கேளுங்கள். புதுச்சேரி தமிழ்நாட்டுக்குள் இல்லை, அது தனி ஒன்றியப் பிரதேசம். கடைசியில் வந்து நிற்கும் கூடுதல் தொகைக்குப் பாதி நேரம் இதுதான் காரணம். இன்னொன்று, டிரைவரும் மனுஷன். 5.30-க்கு வண்டி எடுத்தவர் இரவு பத்து மணிக்கும் ஓட்டுகிறார் என்றால், மதியம் அவர் இரண்டு மணி நேரம் தூங்கட்டும். "அண்ணே, அந்த இடத்துக்கும் ஒரு எட்டு போயிடலாமா" என்று அவரை அலைக்கழிக்க வேண்டாம்.

பேருந்து மலிவு, அடிக்கடியும் உண்டு. எந்த நிலையத்தில் ஏறுவது என்பதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தெற்கே போகும் பல பேருந்துகள் அங்கே மாறிவிட்டன. பழைய காணொளியைப் பார்த்துவிட்டுப் போனால் விடியற்காலையில் அலைய வேண்டியிருக்கும். ரயிலும் இருக்கிறது. விழுப்புரம் போய்த் திரும்பி வரும் கிளைப்பாதை என்பதால் ஒரு நாள் பயணத்துக்கு அது ஒத்துவராது.

அங்கே ஸ்கூட்டர் வாடகைக்குக் கிடைக்கும். மலேசிய உரிமம் மட்டும் வைத்துக்கொண்டு எடுக்காதீர்கள். ஜேபிஜே-யில் அனைத்துலக ஓட்டுநர் அனுமதி எடுத்திருக்க வேண்டும். அது இல்லாமல் விபத்து நடந்தால், பயணக் காப்புறுதி நிறுவனம் கைவிரித்துவிட வாய்ப்பு அதிகம். எப்படியும் ஒயிட் டவுன் என்று சொல்லும் பகுதி சின்னது. நடந்தே பார்த்துவிடலாம்.

கிளம்புவதற்கு முன்

மலேசியர்களுக்கு இந்தியா செல்ல விசா வேண்டும். இ-விசாவுக்குக் குறைந்தது நான்கு நாள் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு முன்பே செய்துவிடுங்கள். அசல் போலவே இருக்கும் இணையப் பக்கங்கள் நிறைய இருக்கின்றன. அரசாங்கப் பக்கத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும், அதைப் பார்த்த பிறகே அட்டை எண்ணைத் தட்டுங்கள்.

ரூபாயை லெபோ அம்பாங்கிலோ மஸ்ஜித் இந்தியாவிலோ மாற்றிக்கொள்ளலாம். பாண்டியில் இளநீர்க் கடையிலும் க்யூஆர் அட்டை தொங்கும், ஆனால் அது இந்திய யூபிஐ. உங்கள் செயலி அதை ஏற்குமா என்று முன்பே பாருங்கள், இல்லையென்றால் சில்லறை நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

மாதம் ரொம்ப முக்கியம். நமக்கு ஆண்டிறுதி விடுமுறை வரும் சமயம் அங்கே வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகில்தான் கரையைக் கடந்தது. அன்று சென்னை விமான நிலையமும் பல மணி நேரம் மூடப்பட்டது. அதனால் பாண்டி நாளை, ஊர் திரும்பும் விமானத்துக்கு முதல் நாளில் வைக்கவே வேண்டாம். நடுவில் ஒரு நாள் காலியாக விடுங்கள். பொங்கலுக்குப் பிறகு, ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் தொடக்கம் வரை, வானமும் நல்லா இருக்கும், உடம்பும் தாங்கும்.

குளிக்கலாமா?

ஊர்க் கடற்கரையில் வேண்டாம். போர்ட்டிக்சன் மாதிரி இடுப்பளவு தண்ணீரில் நிற்கலாம் என்று நினைத்துப் போனால், அங்கே கரை முழுக்கக் கரும்பாறைதான். இதற்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

அந்தக் கரையில் கடல் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். 1980-களில் ஊருக்குத் தெற்கே துறைமுகத்துக்காக அலைத்தடுப்புச் சுவர்கள் கட்டினார்கள். மணல் அங்கேயே தங்கிவிட்டது. வடக்கே போக வேண்டிய மணல் வராததால் ஊரின் மணற்கரை கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. சாலையையாவது காப்பாற்றக் கல்லைக் கொட்டினார்கள். பிறகு தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் தண்ணீருக்கடியில் ஒரு தடுப்பை இறக்கியது. 2018-க்குப் பிறகு வடக்குப் பகுதியில் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது. இன்று நீங்கள் படம் எடுக்கும் அந்தச் சின்ன மணல்திட்டு, அப்படி மீட்டது. மொரிப்பிலும் கேரித் தீவிலும் நாம் பார்ப்பது மலாக்கா நீரிணையின் சேறும் சதுப்புநிலக் காடும். பாண்டியில் இருப்பது திறந்த வங்கக் கடல். அலை இழுக்கும், பாறை வழுக்கும்.

அப்போ எதைப் பார்ப்பது?

எல்லாவற்றையும் பார்க்க நினைத்தால் எதுவும் பார்க்க முடியாது. ஆரோவில்லை இந்தத் தடவை விட்டுவிடுங்கள். அது ஊருக்கு வடக்கே சுமார் பத்து கிலோமீட்டர். மாத்ரி மந்திரின் உள்ளே போக முன்பதிவு வேண்டும். முன்பதிவு இல்லாமல் போனால், வெயிலில் நடந்து தூரத்திலிருந்து தங்க உருண்டையைப் பார்த்துவிட்டு வருவதற்கே அரை நாள் போய்விடும்.

காலையில் மணக்குள விநாயகர் கோயிலிலிருந்து தொடங்கலாம், நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். பழைய காணொளிகளில் வரும் யானை லட்சுமியைத் தேடாதீர்கள், அது 2022 நவம்பரில் இறந்துவிட்டது. அரவிந்தர் ஆசிரமம் பக்கத்திலேயே. அங்கே பேச்சும் கூடாது, படமும் கூடாது.

பிறகு கிழக்கே துய்மா வீதி, சுஃப்ரேன் வீதி, ரொமேன் ரோலான் வீதி என்று நடக்கலாம். நீலப் பலகையில் 'ரூ' என்று இருந்தால் அது பிரெஞ்சில் தெரு. இவை எல்லாம் பிரெஞ்சுக்காரர் வந்து இறங்கிய காலத்துக் கட்டடங்கள் என்று வழிகாட்டிகள் சொன்னால் நம்பாதீர்கள். பிரெஞ்சுக்காரர் 1670-களில் இங்கே கால் வைத்தார்கள். ஆனால் 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கினார்கள். 1765-இல் திரும்பக் கிடைத்த பிறகு கட்டியெழுப்பிய ஊர் இது. கடற்கரையின் பழைய கலங்கரை விளக்கம் 1836-ஐச் சேர்ந்தது. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்கான நினைவுச் சின்னம் 1938-இல் எழுந்தது.

மேற்கே பெரிய வாய்க்காலைத் தாண்டினால் தமிழர் பகுதி. பெரும்பாலான சுற்றுலாப் பயணிகள் வாய்க்காலோடு திரும்பிவிடுவார்கள். நாம் அப்படிச் செய்யக்கூடாது என்பது என் கருத்து. திண்ணை வைத்த வீடுகள் அந்தப் பக்கம்தான். ஆளுநர் துப்ளேக்சின் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை பெரிய மார்க்கெட் அருகில் இருக்கிறது. 1736 முதல் 1761 வரை அவர் தமிழில் எழுதிய நாட்குறிப்பு, அந்தக் காலத்தை ஒரு தமிழர் கண்ணால் காட்டுகிறது. 1748-இல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை அவர் மனம் நொந்து எழுதியிருக்கிறார். அழகான மஞ்சள் சுவர்களுக்கு இப்படியும் ஒரு பின்கதை உண்டு.

ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு இருக்கிறது. 1908-இல் ஆங்கிலேயர் கைது செய்வதிலிருந்து தப்பிக்க அவர் இங்கே வந்தார். பிரெஞ்சு மண்ணில் ஆங்கிலேயப் போலீஸ் கைவைக்க முடியாது என்பதுதான் காரணம். பத்து வருஷம் இருந்தார். பாரதிதாசன் வீடு பெருமாள் கோயில் வீதியில். பெயரைப் பாடப்புத்தகத்தில் மட்டும் பார்த்தவர்கள் இந்த இரண்டில் ஒன்றுக்காவது போகலாம்.

நமக்கும் இந்த ஊருக்கும் என்ன?

தோட்டத்து வழி வந்த குடும்பம் என்றால், நாகப்பட்டினம் என்ற பெயரை வீட்டில் கேட்டிருப்பீர்கள். அங்கிருந்து பினாங்குக்கும் கிள்ளான் துறைமுகத்துக்கும் கப்பல் வந்தது. அதே கரையில் பிரெஞ்சுக்காரர் வசம் இருந்த பாண்டிச்சேரியிலும் காரைக்காலிலும் இன்னொரு வரிசை நின்றது. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமைமுறை ஒழிந்ததும், கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகப் போனார்கள். எந்தத் துறைமுகத்தில் ஏறினார்கள் என்பதைப் பொறுத்து ஒருவரின் பேரன் மலாய் பேசுகிறான், இன்னொருவரின் பேரன் பிரெஞ்சு பேசுகிறான்.

இன்னொரு சுவையான செய்தி. தாத்தா 'சிதம்பரம்' கப்பலில் வந்தேன் என்று சொல்லியிருந்தால், அவர் வந்தது ஒரு பிரெஞ்சுக் கப்பலில். 1966-இல் டன்கிர்க்கில் 'பாஸ்தர்' என்ற பெயரில் கட்டியது. 1970-களின் தொடக்கத்தில் இந்தியா வாங்கிப் பெயர் மாற்றி, சென்னைக்கும் பினாங்கு, கிள்ளான், சிங்கப்பூருக்கும் இடையே விட்டது. 1985-இல் தீப்பிடித்ததோடு அந்தச் சேவை முடிந்தது.

பாண்டி இந்தியாவோடு சேர்ந்ததும் நாம் படித்த 1947-இல் இல்லை. 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்தார்கள், 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள். நவம்பர் 1-இல் நிர்வாகம் கைமாறியது. சட்டப்படி முடிந்தது 1962 ஆகஸ்ட் 16-இல். அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்ற வாய்ப்பும் இருந்தது. அதனால்தான் இன்றும் பிரெஞ்சுக் கடப்பிதழ் வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களை அங்கே பார்க்கலாம்.

சாப்பாடும் திரும்பி வரும் வழியும்

குரோசான் நல்லாத்தான் இருக்கும், அதற்காக மட்டும் வரிசையில் நிற்க வேண்டுமா என்பது உங்கள் விருப்பம். பிரெஞ்சுச் சமையல்காரர்கள் இன்று 'வாதுவான்' என்று விலை உயர்ந்த மசாலாவாக விற்பது நம்ம வடகத்திலிருந்து வந்ததுதான். மார்க்கெட்டில் தாளிப்பு வடகம் வாங்கி வந்தால் அம்மா சந்தோஷப்படுவார். மீன் குழம்புச் சாப்பாடு கிடைக்கும் மெஸ் ஒன்றை டிரைவரிடமே கேளுங்கள்.

மது விஷயம் வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டியது. புதுச்சேரியில் விலை குறைவு, தெருவுக்குத் தெரு கடை. குடிப்பதும் குடிக்காததும் உங்கள் பாடு. ஆனால் அங்கே வாங்கிய பாட்டிலைத் தமிழ்நாட்டுக்குள் கொண்டுவருவது குற்றம். எல்லையில் சோதனைச் சாவடி உண்டு, வண்டியையும் பறிமுதல் செய்யலாம். அந்த வண்டி டிரைவரின் பிழைப்பு. "ஒரு பாட்டில்தானே" என்று பையில் ஒளித்து வைக்கும் மாமா உங்கள் கூட்டத்தில் இருந்தால், கிளம்பும்போதே அவர் பையை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இந்த வருஷம் விமானச் செலவே கட்டுப்படியாகாது, கடல் காற்று மட்டும் போதும் என்றால், கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ஏறிக் கடைசி நிலையம் போர்ட் கிள்ளானில் இறங்குங்கள். புலாவ் கெத்தாம் படகுத்துறை நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.