நிலப்படக் குறியீடுகளும் குழந்தைகளின் புரிதலும்

நிலப்படத்தில் சிவப்புக் கோடாக வரையப்பட்ட சாலை உண்மையிலும் சிவப்பாகவே இருக்கும் எனக் கருதும் குழந்தைகள் உளர். கோடு மெல்லியதாக இருப்பதால் அச்சாலையில் இரண்டு வாகனங்கள் செல்ல இயலாது என்போரும் உளர். அமெரிக்க ஆய்வாளர்களான லின் லிபன், ரோஜர் டௌன்ஸ் ஆகியோர் இளஞ்சிறாரிடையே பதிவுசெய்த விடைகள் இவை. இவ்விடைகளின் தோற்றுவாயை அறிவது ஆசிரியர்க்குப் பெரிதும் பயன்படும்.

ஒன்று மற்றொன்றைக் குறிக்கும் என்னும் அறிவு மிக இளமையிலேயே அரும்புகிறது. ஜூடி டிலோச் 1987ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், அறையொன்றின் சிறு மாதிரியில் பொம்மை ஒளித்துவைக்கப்படுவதைக் குழந்தைகள் கண்டனர். பின்னர் உண்மையான அறையில், அதே இடத்தில் ஒளித்துவைக்கப்பட்டிருந்த பெரிய பொம்மையை மூன்று வயதினர் பெரும்பாலும் கண்டெடுத்தனர். இரண்டரை வயதினர் பெரும்பாலோர்க்கு அஃது இயலவில்லை. எனினும், குறியின் எப்பண்பு பொருளுக்கு உரியது, எப்பண்பு உரியதன்று எனப் பகுத்தறியும் திறன் இதனினும் காலந்தாழ்ந்தே முதிர்கிறது.

இதனை விளக்க நம் இலக்கண மரபின் இடுகுறி, காரணக்குறி என்னும் பாகுபாடு துணைபுரியும். கோயிலைக் கோபுர வடிவால் காட்டுவது காரணக்குறியை ஒத்தது. சிங்கப்பூர்ப் பெருவிரைவு இரயில் வரைபடத்தில் வடக்கு-தெற்குத் தடத்தைச் சிவப்பால் காட்டுவது இடுகுறியை ஒத்தது, தண்டவாளம் சிவப்பன்று. இடுகுறியையும் காரணக்குறியாகக் கொள்வதே குழந்தையின் பிழை.

ஆகவே, குறிவிளக்கத்தை மனனம் செய்வித்துப் பாடத்தைத் தொடங்குதல் பொருந்தாது. முதற்கண், வகுப்பறை மேசைகளுக்கு ஈடாகத் தீப்பெட்டிகளைத் தாளில் அடுக்கி, மேலிருந்து நோக்கச் செய்யலாம். அவற்றின் விளிம்பை வரைந்து பெட்டிகளை அகற்றினால், வகுப்பறையின் படம் எஞ்சும். அடுத்து, கதவு, அலமாரி, குப்பைத்தொட்டி ஆகியவற்றுக்கு ஒவ்வொரு குழுவும் தானே குறியீடுகளைப் படைக்கட்டும். அப்படங்களைக் குழுக்கள் தமக்குள் மாற்றிக்கொள்ளும்போது, பிறர் குறியீடு விளங்காமல் மாணவர் தடுமாறுவர். குறிவிளக்கம் ஏன் வேண்டும் என்பதை அத்தடுமாற்றமே உணர்த்தும்.

இறுதியாக, பச்சையில் காட்டிய திடலை நீலத்தில் வரைந்து, “இப்போது திடல் மாறிவிட்டதா?” என வினவலாம். “திடல் மாறவில்லை, நாம் வைத்த குறிதான் மாறியது” என்று விடையளிக்கும் குழந்தை, குறியீட்டின் இயல்பை உணர்ந்துவிட்டது எனலாம். குறிவிளக்கத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கும் குழந்தையும் இவ்வினாவில் தடுமாறக்கூடும். ஆதலின், மதிப்பீட்டில் இவ்வகை வினாக்களுக்கு இடமளித்தல் வேண்டும்.