புல்லு வெட்டுற மிஷின்தானே... வாங்குறதுக்கு முன்னாடி ஒரு கணக்கு! மினி டிராக்டருக்கு எந்த ‘ஃபிளெய்ல் மோவர்’ சரி?

பொள்ளாச்சிப் பக்கம் ஐந்து ஏக்கர் தென்னந்தோப்பு. தோப்பைப் பார்த்துக்கொள்வது அப்பா. பிள்ளைக்குக் கோவையில் ஐ.டி. வேலை. களை எடுக்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. மழை முடிந்ததும் பார்த்தீனியம் இடுப்பு உயரத்துக்கு நிற்கிறது. சனிக்கிழமை ஊருக்குப் போகும் பிள்ளை, பஸ்ஸிலேயே ஒரு வீடியோ பார்த்துவிடுகிறார். மினி டிராக்டருக்குப் பின்னால் ஒரு இரும்புப் பெட்டி; அது போன பாதையில் புதர் எல்லாம் தூள்தூள்.

“அப்பா, இது ஒண்ணு வாங்கிப் போட்டுடலாமா?”

“வாங்கலாம் கண்ணு. நம்ம வண்டி அதை ஓட்டுமா?”

இப்படி ஒரு பேச்சு உங்கள் வீட்டிலும் நடந்திருக்கலாம். அப்பா கேட்டதுதான் சரியான கேள்வி. இந்தக் கருவியில் பணத்தை இழப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் இழக்கிறார்கள்: டிராக்டருக்குப் பொருந்தாத அளவை வாங்குவது, வாங்கிய பிறகு அதைக் கவனிக்காமல் விடுவது. இரண்டையும் பார்ப்போம்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஃபிளெய்ல் என்பது ஐரோப்பாவில் கதிரடிக்கப் பயன்பட்ட கருவி. இரண்டு கோல்கள், நடுவில் தோல் வாரோ சங்கிலியோ. ஒன்றைப் பிடித்து வீசினால் மற்றது சுழன்று வந்து கதிரை அடிக்கும். அதே தத்துவம்தான் இங்கேயும்.

பெட்டிக்குள் படுக்கைவாட்டில் ஒரு உருளை இருக்கிறது. அதில் வரிசை வரிசையாகப் பிளேடுகள் தொங்குகின்றன. டிராக்டரின் பி.டி.ஓ. தண்டிலிருந்து வரும் சக்தி கியர் பாக்ஸ், பெல்ட் வழியாக உருளைக்குப் போகிறது. உருளை நிமிடத்துக்கு 2,000 சுற்று அளவில் சுழலும்போது, தொங்கும் பிளேடுகள் விறைத்து நின்று செடியை அடித்து நொறுக்கும். கல்லில் பட்டால் பிளேடு மடங்கிப் பின்வாங்கும். அதனால் ஒவ்வொரு அடியும் கியர் பாக்ஸ் வரை போய்ச் சேராது.

நம் ஊர்க் கடைகளில் இதையும், இதைவிடக் கனமான வகையையும் சேர்த்து ‘மல்ச்சர்’ என்றே சொல்வதுண்டு. பெயரைப் பார்த்து வாங்காமல், உள்ளே என்ன பிளேடு, எவ்வளவு எடை என்று பார்த்து வாங்க வேண்டும்.

ரொட்டவேட்டர் இருக்கே, போதாதா?

ரொட்டவேட்டர் மண்ணைக் கிளறும் கருவி. தென்னையில் அதுதான் சிக்கல். சத்தையும் நீரையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மரத்தைச் சுற்றி சுமார் 2 மீட்டருக்குள் இருக்கிறது. மரத்தை ஒட்டி அடிக்கடி ரொட்டவேட்டர் ஓட்டினால் அந்த வேர்களும் அறுபடும்.

ஃபிளெய்ல் மோவர் மண்ணைத் தொடாது. களையை நறுக்கி அதே இடத்தில் பரப்பிவிடும். அது மூடாக்காக நின்று ஈரத்தைக் காக்கும், பிறகு மக்கி உரமாகும்.

ஸ்லாஷர் என்ற இன்னொரு கருவியும் உண்டு. அதில் மின்விசிறிபோல் கிடைமட்டமாகச் சுற்றும் பிளேடு. விலையும் எடையும் குறைவு. ஆனால், புல்லை நீளமாக வெட்டிப் போடும். கல் பட்டால் பக்கவாட்டில் தூரமாக வீசும். புல்லை மட்டும் வெட்ட அது போதும். தூளாக்கி மூடாக்கு போட வேண்டும் என்றால் ஃபிளெய்ல் மோவர்.

எத்தனை அடி எடுக்கிறது?

“பெருசா எடுத்துக்குங்க சார், வேலை சீக்கிரம் முடியும்” என்பார் கடைக்காரர். இங்கேதான் கணக்குப் போட வேண்டும்.

டிராக்டர் 24 குதிரைத்திறன் என்றால், அது இன்ஜினின் திறன். பி.டி.ஓ.வுக்கு வந்து சேர்வது அதில் 80 முதல் 85 சதவீதம். அதாவது சுமார் 20. புல், இளங்களைகளுக்கு ஒரு அடி அகலத்துக்கு 5 பி.டி.ஓ. குதிரைத்திறன் என்பது பொதுவான கைக்கணக்கு. ஆக, இந்த வண்டிக்கு 4 அடிதான் உச்சம். கெட்டித் தண்டுள்ள புதர்தான் அதிகம் என்றால் மூன்றரை அடியோடு நிற்பது நல்லது.

கீழ்வரம்பும் உண்டு. பின் டயர்களின் வெளிப்பக்கத்திலிருந்து வெளிப்பக்கம் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். மோவரின் அகலம் அதைவிடச் சற்றாவது அதிகமாக இருந்தால்தான், டயர் மிதித்த புல்லும் வெட்டுப்படும்.

அடுத்தது எடை. 4 அடி மாடல்கள் பல 200 கிலோவைத் தாண்டும். மினி டிராக்டர் அதைத் தூக்கும்போது முன்சக்கரம் லேசாகிவிட்டால் ஸ்டீயரிங் பிடிக்காது. கருவியைத் தூக்கிய நிலையிலும், டிராக்டர் எடையில் குறைந்தது 20 சதவீதம் முன்சக்கரங்களில் இருக்க வேண்டும். தேவைப்பட்டால் முன்னால் எடைக்கட்டிகள் மாட்ட வேண்டும்.

ஒய் பிளேடா, சுத்தியலா?

ஒய் பிளேடு: இரண்டு தகடுகள் முதுகோடு முதுகு சேர்ந்து ஆங்கில ‘ஒய்’ எழுத்துபோல் தொங்கும். அருகு, கோரை, பார்த்தீனியம் போன்றவற்றுக்கு ஏற்றது. குறைந்த சக்தியே கேட்கும். ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் போடலாம்.

சுத்தியல் பிளேடு: கனமான இரும்பு. விரல் கனத் தண்டு, காய்ந்த மட்டை போன்றவற்றை நொறுக்கும். ஆனால், அதிகச் சக்தி கேட்கும்.

தென்னை வைத்திருப்பவர்கள் இங்கே உஷாராக இருக்க வேண்டும். 25-க்கு 25 அடி இடைவெளியில் ஏக்கருக்கு சுமார் 70 மரம்; ஒரு மரம் மாதம் ஒரு மட்டை போட்டாலும் வருடத்துக்கு 840 மட்டை. “எல்லாத்தையும் இதுவே தூளாக்கிடும்” என்று யாராவது சொன்னால், உங்கள் தோப்பிலேயே, உங்கள் மட்டையை வைத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். காய்ந்த ஓலை எளிதில் நொறுங்கும். மட்டையின் அடிப்பகுதி வேறு விஷயம். பச்சை மட்டையை முழுசாகத் தூளாக்கும் வேலை பெரிய டிராக்டருக்கும் அதற்கென்றே உள்ள கருவிக்கும் உரியது.

540-ஐ மறக்காதீங்க

இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும் என்ற கணக்கில் செய்யப்பட்டவை. ஆனால், சில மினி டிராக்டர்களில் 750, 980 என்று கூடுதல் வேகங்களும் இருக்கின்றன.

உருளை தண்டைவிட நான்கு மடங்கு வேகமாகச் சுற்றும் ஒரு மோவரை எடுத்துக்கொள்வோம். 540-ல் உருளை 2,160 சுற்று சுற்றும். தெரியாமல் லீவரை 750-ல் போட்டுவிட்டால் 3,000. அந்த வேகத்துக்கு பிளேடும் பேரிங்கும் செய்யப்படவில்லை. லீவர் பக்கத்தில் 540 இருக்கும் இடத்தில் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைப்பது செலவில்லாத காப்பீடு.

இணைப்புத் தண்டையும் பாருங்கள். ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு பகுதிகளாக அது இருக்கும். ஓடும்போது குறைந்தது மூன்றில் ஒரு பங்காவது உள்ளே நுழைந்திருக்க வேண்டும். அதேநேரம், கருவியைத் தூக்கி இறக்கும்போது முழுவதும் உள்ளே போய் முட்டவும் கூடாது. முட்டினால் டிராக்டரின் பி.டி.ஓ. பக்கமே உடையும். உங்கள் வண்டிக்கு ஏற்ற நீளத்துக்குத் தண்டை வெட்டிப் பொருத்தித் தருவது கடைக்காரர் பொறுப்பு என்று வாங்கும்போதே பேசிவிடுங்கள்.

ஒரு பிளேடு போனா என்ன ஆகும்?

‘இருபது பிளேடில் ஒண்ணுதானே போச்சு, அடுத்த வாரம் மாட்டிக்கலாம்’ என்று ஓட்டுவதுதான் இந்தக் கருவியைக் கொல்லும் பழக்கம்.

அரை கிலோ பிளேடு ஒன்று, மையத்திலிருந்து 20 செ.மீ. தூரத்தில், நிமிடத்துக்கு 2,000 சுற்று வேகத்தில் சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது உருளையை வெளிப்பக்கமாக இழுக்கும் விசை சுமார் 450 கிலோ எடைக்குச் சமம். எதிர்ப்பக்கத்தில் இன்னொரு பிளேடு அதே விசையில் இழுப்பதால்தான் உருளை அதிராமல் சுற்றுகிறது. ஒன்று விழுந்துவிட்டால், ஈடு இல்லாத அந்த 450 கிலோ இழுப்பு, வினாடிக்கு 33 முறை பேரிங்கைச் சுற்றிச் சுற்றி உலுக்கும். முதலில் பேரிங் போகும், அப்புறம் பெட்டியில் விரிசல் விடும்.

எனவே, ஒரு பிளேடு உடைந்தால் எதிர்ப்பக்கத்துப் பிளேடையும் சேர்த்து, ஒரே எடையில் ஜோடியாக மாற்ற வேண்டும். தேய்ந்த பிளேடில் வெல்டிங் வைத்துச் சமாளிப்பதும் ஆபத்து, எடை மாறிவிடும். பிளேடு, போல்ட், பெல்ட் மூன்றிலும் ஒரு செட் வீட்டில் இருக்கட்டும். உங்கள் ஊரிலேயே பிளேடு கிடைக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள்.

தினமும் பத்து நிமிடம்

ஓட்டுவதற்கு முன்: இன்ஜினை அணைத்து, கருவியைத் தூக்கிக் கட்டை கொடுத்து, பிளேடுகளையும் போல்ட்டுகளையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும். உருளையின் இரு முனை பேரிங்குகளுக்கும் தண்டின் மூட்டுகளுக்கும் கிரீஸ் கன்னால் கிரீஸ்.

தோப்புக்குள் ஒரு நடை: கல், கம்பி, நைலான் கயிறு, சொட்டுநீர் குழாய் எல்லாவற்றையும் அப்புறப்படுத்த வேண்டும். குழாயும் கயிறும் உருளையில் சுற்றிக்கொண்டால் பேரிங் பக்கத்தில் போய் இறுகி, சீலைக் கிழிக்கும். கிரீஸ் வெளியேறி, மண் உள்ளே போகும்.

ஓட்டும்போது: பின்னால் உள்ள உருளையைச் சரிசெய்து, வெட்டும் உயரத்தைத் தரையிலிருந்து 5 முதல் 8 செ.மீ.யில் வையுங்கள். பிளேடு மண்ணை அடித்தால் சீக்கிரம் தேயும். அதிர்வோ சத்தமோ மாறினால் உடனே நிறுத்த வேண்டும்.

ஓட்டி முடித்ததும்: பெட்டியின் உட்புறம் ஒட்டிய ஈரப் புல்லைச் சுரண்டி எடுக்க வேண்டும். துரு அங்கேதான் தொடங்கும்.

புது பெல்ட் முதல் சில மணி நேரத்திலேயே தளரும். அப்போதே இறுக்க வேண்டும். கியர் ஆயிலை முதல் 50 மணி நேரத்தில் ஒருமுறையும், பிறகு கையேட்டில் சொன்ன இடைவெளியிலும் மாற்றலாம்.

வேட்டியும் துண்டும்

540 சுற்று என்றால் வினாடிக்கு 9 சுற்று. 7 செ.மீ. தடிமனுள்ள தண்டு ஒரு வினாடியில் ஏறக்குறைய 2 மீட்டர் துணியைச் சுற்றி இழுத்துவிடும். நாலு முழ வேட்டி மொத்தமே அவ்வளவுதான். கையை எடுக்க நேரமே இருக்காது. தண்டின் மேலுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டவே கூடாது. வேட்டி, துண்டு, துப்பட்டா, சேலை எதுவும் அருகில் வரக் கூடாது.

பிளேடு நுனியின் வேகம் மணிக்கு 150 கி.மீ. இருக்கும். அந்த வேகத்தில் கல் பறந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெட்டியின் முன்னும் பின்னும் உள்ள சங்கிலி, ரப்பர் மறைப்பு இருக்க வேண்டும்; ஆட்களும் ஆடு மாடும் தள்ளி இருக்க வேண்டும். எதையாவது எடுக்கக் குனிவதற்கு முன் இன்ஜினை அணைத்து, சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, உருளை முழுசாக நின்றதைப் பார்க்க வேண்டும். இன்ஜின் நின்ற பிறகும் அது சிறிது நேரம் சுற்றும்.

வாங்கணுமா, வாடகைக்கு எடுக்கணுமா?

4 அடி மோவர், மணிக்கு 3 கி.மீ. வேகம். திருப்பம், ஓரம் எல்லாம் கழித்தால் ஒரு ஏக்கருக்கு ஒன்றரை மணி நேரம். ஐந்து ஏக்கருக்கு ஏழரை மணி. வருடத்துக்கு நாலு தடவை என்றால் மொத்தமே 30 மணி நேரம்! மீதி நாளெல்லாம் அது ஷெட்டில்தான் நிற்கும்.

மாதத் தவணையை 12-ஆல் பெருக்கி, 30-ஆல் வகுத்துப் பாருங்கள். வரும் தொகையில் டீசலையும் பராமரிப்பையும் சேர்த்து, உள்ளூர் வாடகையோடு ஒப்பிடுங்கள். ஐந்து ஏக்கருக்கு வாடகை லாபமாக இருக்கலாம். அக்கம்பக்கத்தில் நாலு பேர் சேர்ந்து வாங்கினால் கணக்கு மாறும்.

வேளாண் இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரையும் மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும், உச்சவரம்புக்கு உட்பட்டு, மானியம் உண்டு. நீங்கள் பார்த்திருக்கும் மாடல் பட்டியலில் இருக்கிறதா என்று வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டு, அனுமதி வந்த பிறகே வாங்குங்கள். ‘உழவன்’ செயலியிலும் விவரம் பார்க்கலாம்.

கடைசியாக ஒன்று. பணம் கட்டுபவர் கோவையில் இருக்கிறார். ஓட்டப்போவது அப்பாவோ, தோப்புக்கு வரும் டிரைவரோ. இதையெல்லாம் செல்போனில் படித்தவர் பிள்ளை. கிரீஸ் கன்னைப் பிடிக்கப்போவது அவர்கள். அதனால் கருவி வந்த முதல் சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிள்ளை தோப்பிலேயே இருக்கட்டும். தண்டின் உறை, 540 கோடு, ஜோடிப் பிளேடு, சாவி சட்டைப் பையில் - இந்த நாலும் அப்பாவுக்கும் டிரைவருக்கும் பழகிவிட்டதா என்று பார்த்துவிட்டு பஸ் ஏறட்டும்.