பீரங்கியின் பின்கதவு

போர்வெல் லாரியில் ராடு மாட்டுவதைத் திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மரை முழுதாக இறங்கினால்தான் பாரம் தாங்கும். பழைய போர்க்கப்பல்கள் பலவற்றில் பீரங்கியின் பின்கதவும் மரையால்தான் பூட்டியது. ஆனால் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருக்க அங்கே நேரமில்லை.

1948-இல் நம் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். டெல்லியில் ஆறு அங்குல பீரங்கிகள் இருந்தன, டரட்டுக்கு (சுழலும் பீரங்கிக் கூண்டுக்கு) இரண்டாக. குண்டு 51 கிலோ. அதற்குப் பின்னால் கார்டைட் என்னும் வெடிமருந்து அடைத்த பை. நீலகிரியில் அருவங்காட்டுத் தொழிற்சாலை எழுந்ததே இந்த மருந்துக்காகத்தான். குண்டையும் பையையும் கப்பலின் அடித்தளத்திலிருந்து தூக்கும் இயந்திரம் மேலே கொண்டுவரும். குழலுக்குள் திணிப்பது மனிதக் கை. குண்டின் செப்புப் பட்டை குழலின் வரிகளைக் கவ்வும்வரை இடித்துத் தள்ள வேண்டும். பிறகு பை, கதவு, பூட்டு. நிமிடத்துக்கு ஆறேழு முறை இப்படி. வெடிக்கும் கணத்தில் சதுர சென்டிமீட்டருக்கு மூன்று டன் அழுத்தம் அந்தக் கதவின்மேல் விழும்.

இந்த வேகத்துக்காக மரையை நீளவாக்கில் பட்டை விட்டுப் பட்டையாகச் செதுக்கிவிட்டார்கள். கதவின் மரைப்பட்டை குழலின் வெற்றுப்பட்டை வழியே நேராக உள்ளே போகும். சிறிது திருப்பினால் பூட்டிக்கொள்ளும். இதில் பாதி மரை வீணாகிறதே? ஸ்வீடன்காரர் ஆக்ஸல் வெலின் 1890-வாக்கில் பட்டைகளைப் படிக்கட்டுபோல் வெவ்வேறு உயரத்தில் அமைத்தார். சுற்றளவில் முக்கால் பங்கு மரை கிடைத்தது, திருப்பும் அளவும் குறைந்தது. இயந்திரவியலில் இத்தனை சிக்கனமான அழகை நான் அதிகம் கண்டதில்லை.

மரை பூட்டும், ஆனால் வாயுவை அடைக்காது. அதற்குப் பிரெஞ்சுக்காரர் தெ பாஞ் 1870-களில் தந்த வழி, கல்நாரும் கொழுப்பும் சேர்ந்த மெத்தை. வெடிப்பின் அழுத்தமே அதை நசுக்கிப் பக்கவாட்டில் பிதுங்கவைத்து இடுக்கை அடைக்கும். அழுத்தம் கூடக்கூட அடைப்பும் இறுகும்.

1914-இல் சென்னையைத் தாக்கிய ஜெர்மன் கப்பல் எம்டனின் பீரங்கிகள் வேறு வகை. ஜெர்மானியர் மருந்தைப் பித்தளைக் கூட்டில் அடைத்தார்கள். கூடு விரிந்து தானே வாயுவை அடைத்துவிடும் என்பதால், கதவு பக்கவாட்டில் நகரும் எஃகுக் கட்டையாக இருந்தாலே போதும்.

பிரிட்டிஷார் பட்டுப் பையை விடவில்லை. பட்டு கங்கு மிச்சமில்லாமல் எரிந்துபோகும், அடுத்த பை கெடாது. ஆனால் வெளியிலிருந்து வரும் ஒரு தீப்பொறியைக்கூடப் பை தடுக்காது. 1916 மே 31, ஜட்லண்ட் போரில் மூன்று பிரிட்டிஷ் போர் குரூசர் கப்பல்கள் வெடித்துச் சிதறி, மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வேகமாகச் சுடவேண்டும் என்று மருந்தறைக் கதவுகளைத் திறந்தே வைத்து, பைகளை வழியில் அடுக்கியதே பெருங்காரணம் என்கிறார்கள் வரலாற்றாசிரியர்கள். அதற்குப் பிறகுதான் மருந்தறைக்கும் டரட்டுக்கும் இடையே தீ புகாத தடுப்புகளைக் கடுமையாக்கினார்கள்.